மணியாச்சித் துப்பாக்கியும் மூன்று நீதிபதிகளும்

1911 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு தனி அமர்வு கூடியது. தலைமை நீதிபதி சர் சார்லஸ் ஆர்னால்டு ஒயிட், நீதிபதி எய்லிங், நீதிபதி சி. சங்கரன் நாயர் என மூன்று பேர். ஜூரிகள் கிடையாது. எதிரே 14 ஆண்கள் குற்றவாளிக் கூண்டில். திருநெல்வேலிச் சதி வழக்கு என்று இதைப் படித்திருப்போம், ஆஷ் கொலை வழக்கு என்று இன்னும் சுருக்கமாகச் சொல்வோம். ஒரு கைத்துப்பாக்கி வெடித்ததற்காக ஒரு மாகாணத்தின் உச்ச நீதிமன்றமே தன் வழக்கமான நடைமுறையை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்த வழக்கு அது.

துப்பாக்கிக் குற்றங்களுக்கென்று தனி நீதிமன்றம் வேண்டும் என்ற பேச்சு உலகில் பல இடங்களில் உண்டு. ஜமைக்காவில் 1974-இலேயே அப்படி ஒன்றைத் திறந்தார்கள். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் 1994-இல் ஒன்று வந்தது. இந்தியாவில் அந்தப் பெயரில் நீதிமன்றம் இல்லை. ஆயுதச் சட்ட வழக்குகள் சாதாரண மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களிலும் செசன்ஸ் நீதிமன்றங்களிலும்தான் நடக்கின்றன. ஆனால் அரசைப் பயமுறுத்திய துப்பாக்கிக்கு மட்டும் இங்கே தனி நீதிமன்றம் எப்போதுமே கிடைத்துவந்திருக்கிறது. அந்த நீதிமன்றங்களின் ஓரத்தில் பெண்கள் எங்கே நின்றார்கள் என்று பார்ப்பதுதான் என் வேலை.

நான் மேலநீலிதநல்லூர்க்காரி. பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் சங்கரன்கோவில் தாலுகா. 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். ஊரில் கல்லூரி இருந்ததால்தான் எங்கள் வயதுப் பெண்கள் சிலர் பட்டம் வரை படித்தோம். வரலாறு என்றால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஆயுதம்தான். ஒருபுறம் பூலித்தேவனின் நெற்கட்டும்செவல். மறுபுறம் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு. அதுவும் ஒருவகையில் தனி நீதிமன்றம்தான்: சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களை வரவழைத்து உட்காரவைத்து, படையை நடத்திவந்த மேஜர் பானர்மேனே விசாரித்து, அவரே தீர்ப்பும் சொன்னார். அதன்பின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1801 டிசம்பரில் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் இந்தப் பகுதி மக்கள் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. 1878-இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் அதையே செய்தது. இந்தியருக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளையருக்கு வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் திருவிழா பேனர்களில் இன்றும் வாளும் வேலும் துப்பாக்கியும் வரையப்பட்டிருக்கும். பறிக்கப்பட்ட ஆயுதத்தின் ஏக்கம் இருநூறு வருடமாக ஆண்களின் மீசையில் உட்கார்ந்திருக்கிறது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பெண்களிடமிருந்து யாரும் ஆயுதம் பறிக்கவில்லை; எனவே எங்களுக்கு அந்த ஏக்கமும் இல்லை.

1911 அமர்வுக்கு வருவோம். அது சட்டப்படி எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கு மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

1908 ஏப்ரல் 30 இரவு பீகாரின் முசாபர்பூரில் ஒரு குதிரை வண்டிமீது குண்டு வீசப்பட்டது. மாஜிஸ்திரேட் கிங்ஸ்ஃபோர்டின் வண்டி என்று நினைத்து குதிராம் போஸும் பிரபுல்ல சாகியும் வீசினார்கள். வண்டியில் இருந்தவர்கள் வக்கீல் பிரிங்கிள் கென்னடியின் மனைவியும் மகளும். இரண்டு பெண்களும் இறந்தார்கள். குதிராமைத் தூக்கிலிட்டார்கள்; வங்காளமே பாட்டுக் கட்டியது. கென்னடி வீட்டுப் பெண்களைப் பற்றி அரசு நிறையப் பேசியது. அவர்கள்மேல் உள்ள அக்கறையைவிட, ‘இனியும் பொறுக்க முடியாது’ என்று சட்டம் கொண்டுவர அவர்கள் நல்ல காரணமாக இருந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 31. அலிப்பூர் சிறைக்குள் அப்ரூவராக மாறிய நரேன் கோசாயினைக் கனாய்லால் தத்தாவும் சத்யேந்திரநாத் போஸும் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கிகள் வெளியிலிருந்து கடத்திவரப்பட்டவை. அரசுக்கு இதுதான் பெரிய அடி. கோசாயின் மாஜிஸ்திரேட் முன்னால் சொன்ன சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாமல் போனது; எனவே அதை செசன்ஸ் நீதிமன்றத்தில் பயன்படுத்தவும் முடியவில்லை. செத்த சாட்சியின் வாய்மொழி செல்லாது என்றால், சாட்சியைக் கொன்றால் வழக்கே போய்விடும் அல்லவா?

டிசம்பரில் வந்தது 1908-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம். எளிமையாகச் சொன்னால் அது நாலு காரியம் செய்தது. மாஜிஸ்திரேட்டின் ஆரம்ப விசாரணை குற்றம் சாட்டப்பட்டவர் இல்லாமலேயே நடக்கலாம். பிறகு உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட தனி அமர்வு விசாரிக்கும். ஜூரி கிடையாது. சாட்சியம் சொன்னவர் இறந்துபோய், அந்தச் சாவு குற்றவாளிகளின் நலனுக்காக நடந்தது என்று நீதிமன்றம் நம்பினால், அவர் முன்பு சொன்னதை ஏற்றுக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னது கோசாயினுக்காகவே தைத்த சட்டை.

தனி நீதிமன்றம் என்றால் தனிக் கட்டடமோ கூடுதல் நீதிபதிகளோ மட்டுமல்ல. எதைக் கேட்கலாம், யாரைக் கேட்க வேண்டாம் என்ற விதிகள் அங்கே மாறுகின்றன. அதற்குப் பிறகு வந்த எல்லாச் சிறப்பு நீதிமன்றங்களுக்கும் இது பொருந்தும்.

சம்பவம் தெரிந்ததுதான். 1911 ஜூன் 17 காலை பத்தரை மணிக்கு மேல், மணியாச்சி ஜங்ஷன். திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷ் முதல் வகுப்புப் பெட்டியில் மனைவி மேரியோடு உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் கொடைக்கானலில் இருந்தார்கள், அங்கே போகும் பயணம். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் போய் அதே துப்பாக்கியால் தன்னையும் சுட்டுக்கொண்டார்.

துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். வாஞ்சிநாதனுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர் வ.வே.சு. ஐயர், கற்றுக்கொடுத்த இடம் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி. வாஞ்சியின் சொந்த ஊரான செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது, 1956-இல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. அவர் வேலை பார்த்த புனலூர் வனத்துறை அலுவலகமும் திருவிதாங்கூர்தான். சுட்ட இடம் பிரிட்டிஷ் இந்தியா. ஆக மூன்று அரசாங்கங்களின் எல்லையைத் தாண்டி வந்த துப்பாக்கி அது. 1878-இன் ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் எல்லைக்குள் மட்டும்தான் செல்லும் என்பதைத் தெரிந்துகொண்டவர்களின் காரியம்.

சுட்டவர் செத்துவிட்டார். யார் சுட்டது என்பதில் சந்தேகமும் இல்லை. அப்படியானால் சென்னையில் மூன்று நீதிபதிகள் என்ன விசாரித்தார்கள்? சதியை. தென்காசி, தூத்துக்குடி, செங்கோட்டை வட்டாரத்தில் நடந்த ரகசியக் கூட்டங்கள், எடுத்த சத்தியங்கள், போன கடிதங்கள், சுற்றிய துண்டறிக்கைகள். ஆறுமுகம் பிள்ளை, சோமசுந்தரம் பிள்ளை என்ற இருவர் அப்ரூவர் ஆனார்கள். ஆறுமுகம் பிள்ளை சொன்ன ஒரு காட்சி பின்னாளில் 1918-இன் ரௌலட் குழு அறிக்கை வரை போயிற்று. காளி படத்தின் முன்னால் உட்கார்ந்து, கட்டைவிரலைக் கீறி ரத்தத்தில் கைநாட்டு வைத்து, குங்குமம் கரைத்த தண்ணீரை வெள்ளையனின் ரத்தம் என்று சொல்லிக் குடித்தார்களாம். 14 பேர் கொண்ட குற்றவாளிப் பட்டியலில் பெண் ஒருத்தியும் இல்லை. அந்தக் கூட்டங்களில் இருந்த ஒரே பெண், படத்துக்குள் இருந்த காளி.

எதிர்த்தரப்பு வக்கீல்களில் ஒருவர் டி. பிரகாசம், பிற்காலத்து ஆந்திர கேசரி. வழக்கு ஐந்து மாதம் நடந்தது. 1912 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒன்பது பேருக்குத் தண்டனை. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருடம், வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணனுக்கு நாலு வருடம். யாருக்கும் தூக்கு இல்லை. மன்னருக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்தார்கள் என்பதுதான் நின்ற குற்றம். சங்கரன் நாயர் மற்ற இருவரோடு ஒத்துப்போகாமல் தனித் தீர்ப்பு எழுதினார். ஜூரி இல்லாத அமர்விலும் ஒரு நீதிபதி மறுத்து எழுத முடிந்தது என்பதை மதிக்கத்தான் வேண்டும்.

இப்போது பெட்டிக்குள் இருந்த மேரிக்கு வருவோம். மேரி லிலியன் பேட்டர்சன் என்பது கல்யாணத்துக்கு முந்திய பெயர், அயர்லாந்துக்காரி. கைக்கெட்டும் தூரத்தில் கணவன் சுடப்படுவதைப் பார்த்த ஒரே ஆள் அவள்தான். ஆனால் மூன்று நீதிபதிகள் முன்னால் முடிவாக வேண்டிய விஷயத்தில் அவள் பார்த்ததற்கு இடமே இல்லை. கொலை வழக்கு என்று ஊர் சொன்னது, நீதிமன்றத்துக்கோ அது போர் வழக்கு. போர் என்றால் மன்னனும் எதிரியும் மட்டும்தானே இருப்பார்கள். இன்னொரு பக்கம் வாஞ்சியின் மனைவி பொன்னம்மாள். சிறு வயதில் கைம்பெண்ணானவள். 1911-இல் பிராமண வீட்டில் கைம்பெண் என்றால் என்ன வாழ்க்கை என்று இங்கே விளக்கத் தேவையில்லை. தியாகியின் மனைவி என்று பிற்காலம் அவளைத் தேடிப் பிடித்துப் பெருமைப்படுத்தியது. அந்த ஜூன் மாதம் அவளை யார் என்ன கேட்டார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை.

தூத்துக்குடியில் ஆஷுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. செங்கோட்டையில் வாஞ்சிக்குச் சிலை இருக்கிறது. மணியாச்சி ரயில் நிலையத்துக்கே வாஞ்சி பெயர் வைத்தாகிவிட்டது. இந்த மூன்று இடத்துக்கும் நான் போயிருக்கிறேன்.

எங்கள் தெருவில் ஆஷ் கதை வேறு மாதிரி. என் ஆச்சி பள்ளிக்கூடம் போகாதவள். வாஞ்சிநாதன் பாடம் படித்துவிட்டு வந்து நான் பெருமையாக ஒப்பித்தபோது அவள் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள்: “ஏட்டி, அவரு எதுக்குச் சுட்டாருன்னு நெனைக்க? நம்ம ஆளுவள்ல ஒரு பிள்ளத்தாச்சி வலி எடுத்துக் கெடந்தா. அக்ரகாரத்து வழியா வண்டி போவப்புடாதுன்னுட்டாவ. அந்தத் தொரதான் தன் வண்டில ஏத்திக்கிட்டுப் போனாரு. அதுக்குத்தான் சுட்டது.”

இந்தக் கதை தென்மாவட்டங்களில் தலித் மக்களிடம் பல வடிவத்தில் உண்டு. சிலர் செங்கோட்டை என்பார்கள், சிலர் வேறு ஊர். சில சொல்லில் துரை வருகிறார், சில சொல்லில் துரையின் மனைவிதான் வண்டியை நிறுத்தச் சொல்கிறாள். மேடைகளில் இதை முழு உண்மையாகவே பேசுகிறார்கள். வாஞ்சியின் பக்தர்கள் முழுப் பொய் என்கிறார்கள். வழக்கின் ஆவணங்களில் அந்தப் பிள்ளைத்தாய்ச்சி இல்லை. கலெக்டரின் குறிப்புகளிலோ போலீஸ் அறிக்கைகளிலோ இதற்கு ஆதாரம் என்று யாரும் ஒரு தாளை எடுத்து நீட்டியதில்லை. வரலாறு படித்தவள் என்ற முறையில் இதை நடந்த சம்பவமாக நான் எழுத மாட்டேன்.

ஆனால் ஆவணத்தில் இல்லை என்பதோடு என் கேள்வி முடியவில்லை. எந்த ஆவணம்? சதியை மட்டும் தேடிய நீதிமன்றத்தின் ஆவணம். வாஞ்சியின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. சனாதன தர்மத்தை அழிக்கும் மிலேச்சர்கள் என்று வெள்ளையரைத் திட்டியது, மாட்டிறைச்சி தின்னும் மன்னனுக்கு முடிசூட்டுவதா என்று கொதித்தது. அமர்வுக்கு அது மன்னருக்கு எதிரான போருக்குச் சாட்சி. சரி. ஆனால் மாட்டிறைச்சி தின்பவன் ஆளத் தகாதவன் என்று அந்தக் கடிதம் சொன்னபோது, எங்கள் தெருவுக்கும் சேர்த்துத்தான் சொன்னது. வண்டி எந்தத் தெருவில் போகலாம், யார் எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்ற சண்டைகள் அன்றைக்கு இந்த மாவட்டத்தில் சாதாரணம். சிவகாசிக் கலவரமும் கழுகுமலைக் கலவரமும் நடந்து இருபது வருடம்கூட ஆகவில்லை. கோயில் நுழைவும் ஊர்வலப் பாதையும்தான் அங்கே பிரச்சினை. இவற்றை எல்லாம் அந்த மூன்று நீதிபதிகள் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. சட்டம் அவர்களிடம் அதைக் கேட்கவில்லை. நீதிமன்றம் கேட்காமல் விட்ட கேள்விக்கு எங்கள் ஆச்சிகள் ஒரு பெண்ணைப் பதிலாக வைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளுக்குப் பெயரும் இல்லை ஊரும் இல்லை. இடுப்பு வலி மட்டும் இருக்கிறது.

இருபது வருடம் கழித்து வங்காளத்தில் பெண்களே துப்பாக்கி எடுத்தார்கள். 1931 டிசம்பர் 14 அன்று கொமில்லாவில் மாஜிஸ்திரேட் ஸ்டீவன்ஸைச் சுட்டவர்கள் சாந்தி கோஷ், சுனிதி சௌத்ரி என்ற இரண்டு பள்ளிச் சிறுமிகள். வயது குறைவு என்பதால் தூக்கு இல்லை, ஆயுள் தண்டனை. 1932 பிப்ரவரி 6 அன்று கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனைப் பார்த்து பீனா தாஸ் சுட்டார். குறி தவறியது. துப்பாக்கியை ஏற்பாடு செய்து கொடுத்தவர் கமலா தாஸ் குப்தா, இன்னொரு பெண். சிறப்பு நீதிமன்றம் அதே மாதத்துக்குள் பீனாவுக்கு ஒன்பது வருடம் கொடுத்தது. ஜமீன் வீட்டுப் பையன்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் என்று கட்டிய நீதிமன்றம், கூண்டில் பெண் நிற்பதைப் பார்த்துத் திகைத்ததே தவிர வேகத்தைக் குறைக்கவில்லை. அரசைக் குறிவைத்த துப்பாக்கி என்று வந்துவிட்டால் ஆணா பெண்ணா என்ற பேதம் இல்லை. இந்த ஒரு சமத்துவத்தை ஏகாதிபத்தியம் தயங்காமல் கொடுத்தது.

1942-ஐ வேகமாகக் கடக்கிறேன். குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் செப்டம்பர் மாதம் வெள்ளை அதிகாரி லோன் கொல்லப்பட்டார். போர்க்கால அவசரச் சட்டத்தின் கீழ் சிறப்பு நீதிமன்றம். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்கு விதித்தது. அதே அவசரச் சட்டத்தின் சிறப்பு நீதிமன்றங்களை 1943-இல் இந்தியாவின் ஃபெடரல் கோர்ட், பெனோவாரி லால் சர்மா வழக்கில், செல்லாது என்றது. எந்த வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்பதை அதிகாரியின் இஷ்டத்துக்கு விடக்கூடாது என்பது அடிப்படை. அரசு உடனே அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, ஏற்கெனவே வழங்கிய தண்டனைகளைக் காப்பாற்ற இன்னொன்று போட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் பிறகு ஃபெடரல் கோர்ட்டையே தவறு என்றது. இருவரும் கடைசியில் தூக்கில் தொங்கவில்லை. 1946-இல் காங்கிரஸ் அமைச்சரவை வந்தபின் வெளியே வந்தார்கள். அப்போது மாகாணப் பிரதமர் யார் என்றால், ஆஷ் வழக்கில் வாதாடிய அதே பிரகாசம்.

ஜமைக்கா நீதிமன்றத்துக்கும் இதே கதிதான். 1974 சட்டம் துப்பாக்கி வழக்குகளை மூடிய கதவுக்குள் விசாரிக்கச் சொன்னது. கிங்ஸ்டனில் முள்வேலி சூழ்ந்த வளாகத்தில் நீதிமன்றமும் சிறையும் ஒன்றாக இருந்தன. உரிமம் இல்லாத ஒரு தோட்டாவுக்குக்கூடக் காலவரையற்ற சிறை. விடுதலை எப்போது என்பதை நீதிபதி சொல்ல மாட்டார், ஒரு குழு சொல்லும். 1975 டிசம்பரில் ஹைண்ட்ஸ் வழக்கில் பிரிவி கவுன்சில் அந்தக் காலவரையற்ற தண்டனையை ரத்துசெய்தது. நீதிமன்றம் மட்டும் இன்றுவரை இருக்கிறது. கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் மகன்களையும் கணவன்களையும் துப்பாக்கிக்கோ இந்த நீதிமன்றத்துக்கோ கொடுத்த பெண்கள், மூடிய கதவுக்கு வெளியே நின்றிருப்பார்கள். நம் ஊர்க் கோர்ட் வாசலில் தூக்குச்சட்டியோடு நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அதைக் கற்பனை செய்யச் சிரமம் இல்லை.

சுதந்திர இந்தியாவில் இந்த வரிசை தடா சட்டத்தில் வந்து நின்றது. 1985-இல் ஒன்று, 1987-இல் அதைவிடக் கடுமையான ஒன்று. அறிவிக்கப்பட்ட பகுதியில் குறிப்பிட்ட துப்பாக்கி கையில் இருந்தாலே தடாக் குற்றம். போலீஸ் எஸ்.பி. பதிவுசெய்யும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும். 1908-இல் செத்த சாட்சியின் சொல்லுக்குக் கொடுத்த சலுகை, 1987-இல் லாக்கப்பில் உயிரோடு இருப்பவனின் சொல்லுக்குப் போய்ச் சேர்ந்தது. 1995-இல் சட்டம் காலாவதியாகும் வரை 76,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூடத் தண்டனை கிடைக்கவில்லை.

இந்தச் சட்டத்தைப் பெண்கள் எப்படி அனுபவித்தார்கள் என்று தெரிய வீரப்பன் தேடுதல் வேட்டையைப் பார்க்க வேண்டும். 1993-இலிருந்து மாதேஸ்வரன் மலையைச் சுற்றியுள்ள தமிழ், கன்னட, பழங்குடிக் கிராமங்களில் இரு மாநில அதிரடிப் படைகளும் ஆட்களை அள்ளின. நூற்றுக்கும் மேற்பட்டோர் மைசூர் தடா நீதிமன்றத்தில் எதிரிகள். ஜாமீன் இல்லை. 2001-இல் தீர்ப்பு வந்தபோது பெரும்பாலோர் குற்றம் இல்லை என்று விடுதலை. ஏழெட்டு வருடம் உள்ளே இருந்தாயிற்று. சந்தேகத்துக்கு ஆளான ஆண் தலைமறைவாக இருந்தால், வீட்டில் இருந்த பெண்தான் விசாரணை முகாமுக்குப் போனாள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. முகாமில் மின்சாரம் பாய்ச்சியதையும் பாலியல் வன்முறையையும் பெண்கள் அந்தக் குழுவின் முன்னால்தான் சொன்னார்கள். 2007-இல் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் இழப்பீடு என்று ஆணையம் சொன்னது. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் 2004-இல் வந்தபோது வாசகர்கள் அதிர்ந்தார்கள். கவனித்தால் தெரியும்: அந்தப் பெண்களின் பேச்சு குழுவுக்குள் வந்தது, நாவலுக்குள் வந்தது. தடா நீதிமன்றத்துக்குள் அது வர வாசலே இல்லை. அங்கே கேட்கப்பட்டது, வீரப்பனுக்கு அரிசி கொண்டுபோனாயா, துப்பாக்கியைப் பார்த்தாயா.

சந்தன மரம் தேடி வந்தவர்கள் வாச்சாத்தியில் செய்தது 1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டம், மலையாளிப் பழங்குடிப் பெண்கள் 18 பேர்மீது பாலியல் வன்கொடுமை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லோரும் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள். தீர்ப்பு 2011 செப்டம்பர் 29. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29. முப்பத்தோரு வருடம்.

ஆஷ் வழக்கு: ஜூன் 17-இல் சம்பவம், அடுத்த பிப்ரவரியில் தீர்ப்பு. எட்டு மாதம். நான் இரண்டையும் பக்கத்தில் வைக்கும்போது சில தோழர்கள் கேட்பார்கள், “அப்படியானால் பெண்களுக்கும் அந்த மாதிரி வேகமான கோர்ட்டைத்தானே கேட்கிறீர்கள்?” இல்லை. ஜூரியை நீக்கி, சாட்சிய விதியைத் தளர்த்தி, எதிரி இல்லாமல் விசாரித்துக் கிடைக்கும் வேகம் எங்களுக்கு வேண்டாம். அந்த வேகம் திரும்பி யார்மேல் பாயும் என்று மாதேஸ்வரன் மலைப் பெண்களுக்குத் தெரியும். வாச்சாத்தி நிதானமாக, குறுக்கு விசாரணைகளைத் தாங்கி, அடையாள அணிவகுப்பில் 1,500-க்கும் மேற்பட்ட ஊழியர்களை நிறுத்திவிட்டு மனம் தளரவைக்கப் பார்த்த தந்திரங்களைத் தாண்டி ஜெயித்த வழக்கு. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சிறப்பு நீதிமன்றம் உண்டு. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் பாதிக்கப்பட்டவருக்கு ஜாமீன் விசாரணையிலும் பேச உரிமை கொடுத்தது. அதுவும் சிறப்பு நீதிமன்றம்தான். ஆனால் அங்கே விதியை மாற்றியது ஒரு வாயை அடைக்க அல்ல, திறக்க. அப்படியும் அந்த உரிமை அறைக்குள் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அனுபவம்.

மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு ரயிலில் அரை மணி, முக்கால் மணி நேரம். 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலையை மூடக் கோரி கலெக்டர் அலுவலகம் நோக்கி ஜனங்கள் போனார்கள், பெண்கள் முன்னால் இருந்தார்கள். போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். அவர்களில் இருவர் பெண்கள். ஒருத்திக்குப் பள்ளிப்படிப்பு முடித்த வயது, இன்னொருத்தி ஊர்வலத்துக்கே போகாதவள், தன் மீனவக் குடியிருப்பின் பக்கத்தில் சுடப்பட்டாள். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் ஒரு நபர் ஆணையம் விசாரித்தது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 17 காவல்துறையினர்மீது நடவடிக்கை எடுக்க அது பரிந்துரைத்தது. அந்தத் துப்பாக்கிகளுக்காக மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு எதுவும் கூடவில்லை.